பருத்திக் கொல்லை வாடை

தீக்குச்சியை உரசப்போன பவளக்கொடியின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த வாடை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள், இல்லை. இல்லைதானே என்று குச்சியைப் பெட்டியோடு சேர்த்தாள், வந்தது. மண்ணெண்ணெய் மாதிரியும் இல்லை, சாக்கடை மாதிரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில், தொண்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற வாடை. குச்சியைக் கீழே வைத்தாள். வைத்த கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து எடுத்தாள். முதலில் நம் வீட்டுச் சிலிண்டரைப் பார்ப்போம், எடுத்த எடுப்பில் ஊர்மேல் பழி போடக் கூடாது. குனிந்து ரெகுலேட்டரைத் தொட்டாள், மூடித்தான் இருந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து டியூப் நெடுகத் தடவினாள். ஒரு குமிழ்கூட வரவில்லை. சிலிண்டர் வாடையே வேறு, அது அழுகின வெங்காயம் மாதிரி மூஞ்சியில் அடிக்கும், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரும். இது அப்படி வரவில்லை. கொல்லைப்பக்கத்து ஜன்னல் வழியாக, பருத்திச் செடிகளின் மேல் தவழ்ந்து, வருவதும் போவதுமாக இருந்தது. கூடத்தில் மகள் தர்ஷினி பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கிறாள். பக்கத்தில் பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத பெண் குழந்தை, வாயை எதையோ சப்புவதுபோல அசைத்துக்கொண்டு தூங்குகிறது. அது விழிப்பதற்குள் வெந்நீர் வைக்க வேண்டும். வெந்நீர் வைக்க அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்க வேண்டும் என்று நினைத்ததுமே தீப்பெட்டியை இன்னும் தள்ளி வைத்தாள். ஏன் நிற்கிறாய், பற்றவை, ஒன்றும் ஆகாது, போன தடவையும் இப்படித்தானே நின்றாய் என்று அவளே அவளைத் திட்டிக்கொண்டாள்.

போன தடவை நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மாசி மாசத்தில் ஒரு நாள் இதே வாடை வந்ததென்று தெருவில் இறங்கிக் கத்தினாள். குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருவே வாய்க்கால் கரைக்கு ஓடியது. கடைசியில் பார்த்தால் மூணாம் வீட்டில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்காதவர் கிடையாது. அப்புறம் கொஞ்ச நாளைக்கு அவளைக் கண்டாலே, 'என்ன பவளம், இன்னிக்கு வாடை உண்டா?' என்று கேட்பார்கள். சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. முருகையன், அவள் வீட்டுக்காரர், கம்பெனியின் எண்ணெய்க் கிணற்றில் காண்ட்ராக்டில் கேட் காவலுக்கு நிற்கிறார். காண்ட்ராக்டர் அவரைக் கூப்பிட்டு, 'உன் பொண்டாட்டி வாயைக் கட்டு, இல்லேன்னா நீ வேற வேலை பாத்துக்க' என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் கோபப்படக்கூட இல்லை. 'உனக்கு மனசுல ஏதோ பயம் உக்காந்துருக்கு பவளம். அது மூக்கு வழியா வருது' என்றார், சோற்றைப் பிசைந்தபடியே. இருக்கலாம். அந்தத் தீயைப் பார்த்த நாளிலிருந்துதான் இது. போன வருஷம் பக்கத்து ஊர் வயலில் கம்பெனியின் எண்ணெய்க் குழாய் விட்டுப்போய், நாற்றுக்கு நடுவில் கறுப்பாகத் தண்ணீர் பரவி, பார்க்கப்போன கூட்டத்தில் இவளும் நின்றாள். எங்கிருந்து பொறி வந்ததென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உஸ்ஸென்று ஒரு சத்தம், பெருமூச்சு மாதிரி. தண்ணீர்மேல் நெருப்பு ஓடியது. தண்ணீர்மேல் நெருப்பு ஓடுமா? ஓடியது, கண்ணால் பார்த்தாள். மாட்டை அவிழ்க்கப்போன ஒரு பெண் முழங்காலுக்குக் கீழே எரிய எரிய ஓடிவந்தாள், ஓடினால் இன்னும் எரியும் என்று தெரியாமல். அவள் புடவை என்ன நிறம் என்று அதற்குப்பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள் பவளக்கொடி. நிறம் ஞாபகம் வருவதில்லை. வாடைதான் வரும்.

தூரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. இன்றைக்கு மே ஒன்று, ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டுக் கிராமசபைக் கூட்டம். ஆலடிமங்கலத்தில் பாதி ஊர் அங்கேதான் இருக்கிறது. தொழிலாளர் தினம் என்று ஊருக்கெல்லாம் லீவு, காண்ட்ராக்ட் ஆளுக்கு மட்டும் கிடையாது, முருகையன் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, 'கூட்டத்துப் பக்கம் தலைவச்சும் படுக்காத' என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஜன்னல் வழியாகக் குரல்கள் துண்டு துண்டாக வந்தன. கம்பெனியிலிருந்து வந்திருக்கிற பொறியாளர் பேசுகிறார் போலிருக்கிறது, படித்த குரல், அவசரப்படாத குரல். பழைய கிணற்றில் வரத்து குறைந்துவிட்டது, அதனால் தண்ணீரும் மணலும் கொஞ்சம் ரசாயனமும் சேர்த்து மிக அதிக அழுத்தத்தில் உள்ளே செலுத்துவோம், ஆழத்தில் பாறை விரிசல் விடும், விரிசல் வழியாக வாயு வரும், மேலே இருக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. மேலே இருக்கிறவர்கள். அதாவது நாம். காலுக்குக் கீழே பார்த்தாள், சிமென்ட் தரை, நேற்று சிந்தின அரிசிமாவு ஒரு மூலையில். இதற்குக் கீழே மண், அதற்குக் கீழே தண்ணீர், அதற்கும் கீழே ஒரு பாறை, அதைப் போய் எதற்குப் பிளக்க வேண்டும், அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது? அடுத்த குரல் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. தம்பி கலியபெருமாள். 'அவ்வளவு தண்ணி எங்கேருந்து எடுப்பிய? உள்ள விட்ட தண்ணி வெளியில வந்தா எங்க கொண்டுபோய் ஊத்துவிய? எங்க போர்ல கலந்தா குடிக்கிறது யாரு?' கைதட்டல். உடனே வேறு யாரோ எழுந்து, 'எம் பையன் சோறு திங்கிறதே அந்தக் கம்பெனியாலதான், நீ சோறு போடுவியா?' என்கிறார். அதற்கும் கைதட்டல். டேய் தம்பி, உட்காருடா, போதும். கம்பெனிக்கு எதிரான போன ஆர்ப்பாட்டத்தில் போலீஸ்காரர்கள் அவனை வேனில் ஏற்றியபோது இவள் கடைத்தெருவில் நின்றிருந்தாள். வேன் போன பிறகு ரோட்டில் அவனுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள், ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல். இன்றைக்கு அவள் வாயைத் திறந்தால் அவன் விடமாட்டான். பார்த்தீர்களா என்பான், மறியல் என்பான், வேன் வரும். வாயைத் திறக்காவிட்டால்? திறந்தும் ஒன்றும் இல்லையென்றால்? முருகையனுக்கு வேலை போகும், ஊர் சிரிக்கும். திறக்காமல் இருந்து ஏதாவது இருந்துவிட்டால்? அந்த 'இருந்துவிட்டால்' வந்ததும் நினைப்பு அதற்குமேல் நகராமல், முள்ளில் மாட்டின துணி மாதிரி அங்கேயே நின்று படபடத்தது.

முருகையனையே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள். எடுத்த பிறகுதான், போனில் பொறி வருமா என்ற பயம் வந்து, அதைப் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடுத்தெருவுக்கு ஓடினாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி கேட்டுக்குள் போகும்போது போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்று தெரியும், தெரிந்தும் அடித்தாள். திரும்பி உள்ளே வந்தால் தர்ஷினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். 'ஏம்மா இப்படி வேர்க்குது உனக்கு? வெந்நி ஆயிடுச்சா?' 'இன்னும் இல்லடி.' 'பாப்பா எந்திரிச்சிடும்மா. இரு, நான் போய் வைக்கிறேன்.' 'வேண்டாம்!' கத்தியே விட்டாள். குழந்தை தூக்கிவாரிப்போட்டு இரண்டு கையையும் விரித்தது. தர்ஷினி அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். மாசி மாசத்திலிருந்து எல்லோரும் பார்க்கிற பார்வை. 'மறுபடியும் வாடை வருதாம்மா?' என்றாள் மெதுவாக, காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில். 'உனக்கு வரலியா?' தர்ஷினி முகர்ந்தாள். 'மூக்கடைச்சுருக்கும்மா எனக்கு.' பவளக்கொடி குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உச்சந்தலையின் நடுவே எலும்பு கூடாத அந்தக் குழி துடித்தது. தோலுக்கு அடியில் தக் தக்கென்று. அங்கே மட்டும் கை பட்டுவிடக் கூடாது, எண்ணெய் வைத்தால்கூட விரல் நுனியால்தான் வைக்க வேண்டும். மேலே இருக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது என்று அந்தக் குரல் சொன்னது மறுபடி காதில் கேட்டது. 'நீ பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வாசப்பக்கம் வேப்பமரத்தடியில போய் உக்காரு' என்றாள். 'எதுக்கும்மா?' 'சொன்னாச் செய்யி. வெளிச்சம் பாப்பாவுக்கு நல்லது.' பொய் எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் சுள்ளி முறிக்கிற சத்தம் கேட்டது. ஜெகதாக்கா. பக்கத்து வீடு. இன்றைக்கு நெல் அவிக்கப்போவதாகக் காலையிலேயே சொன்னாள், பவளக்கொடி மறந்தே போனாள். கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றி நெல்லும் தண்ணீரும் கொட்டியாகிவிட்டது. அடியில் தென்னமட்டையும் சுள்ளியும் செருகி, ஜெகதாக்கா உட்கார்ந்துகொண்டு இடுப்பில் எதையோ தேடுகிறாள். தீப்பெட்டியைத் தேடுகிறாள். போ, போய்ச் சொல்லு. போன தடவை எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான், அவள் மகனும் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். சொன்னால் இன்று சாயங்காலத்துக்குள் காண்ட்ராக்டர் காதுக்குப் போகும். முருகையனுக்கு வேலை போனால் என்ன சாப்பிடுவது, தர்ஷினியைக் குழந்தையோடு எப்படி அனுப்பிவைப்பது? ஜெகதாக்கா தீப்பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள், குலுக்கிப் பார்க்கிறாள். 'அக்கா!' குரல் வெளியே வரவில்லை. 'அக்கா, பத்தவைக்காதீய!' இந்தத் தடவை வந்தது, அழுகை மாதிரி. ஜெகதாக்கா நிமிர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள். 'மறுபடியுமாடி? ஏண்டி உனக்கு வேற வேலையே இல்லியா?' 'கையெடுத்துக் கும்புடுறேன்க்கா. கொஞ்ச நேரம். நான் போயிக் கொல்லைல பாத்துட்டு வந்துடுறேன், ஒண்ணுமில்லேன்னா நானே வந்து பத்தவச்சுத் தர்றேன்.' நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெகதாக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'போய்த் தொலை. நெல்லு ஊறிப் பாழாப்போச்சுன்னா உன்னதான் கேப்பேன்' என்றாள்.

பருத்தி இடுப்பளவு வளர்ந்து நின்றது. வெடித்த காய்களில் பஞ்சு தொங்கியது, வெயிலில் காய்ந்து மொடமொடவென்று. எவ்வளவு பஞ்சு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை விளக்குத்திரி மாதிரி வரிசை வரிசையாகப் பஞ்சு. செடிக்குள் நடக்க நடக்க வாடை ஏறியது, பிறகு திடீரென்று இல்லாமல் போனது, அவள் நின்றாள், நெஞ்சு லேசானது. பார்த்தாயா, ஒன்றும் இல்லை, திரும்பிப் போகலாம். காற்று திரும்பியது, மறுபடி வந்தது, தலை கிறுகிறுத்தது. கொல்லையின் கோடியில் மஞ்சள் கல் நட்டிருக்கிறது, அதற்குக் கீழேதான் கம்பெனிக் குழாய் போகிறது. குழாய் போட வந்தபோது அவள் மாமனார் உயிரோடு இருந்தார், மண்ணை மூடிவிட்டு இனிமேல் வழக்கம்போல விவசாயம் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், இவர்களும் செய்தார்கள். கல்லுக்குப் பக்கத்து வாய்க்காலில் காலையில் மோட்டார் இறைத்த தண்ணீர் தேங்கி நின்றது. அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். உலையில் அரிசி போட்டதும் முதலில் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று வருமே, அந்த மாதிரி குமிழ்கள், பார்க்கப் பார்க்கக் குழாய் போகிற திக்கிலேயே வரிசையாக. வெந்நீர் இல்லை, பச்சைத் தண்ணீர், கொதித்தது. மேலே மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் மிதந்தது. இவ்வளவு நாள் அவள் பயந்ததெல்லாம் இதைப் பார்த்துவிடுவோமோ என்றுதான். பார்த்த பிறகு உள்ளே ஒரு கணம் எல்லாம் அமைதியாகிவிட்டது. பைத்தியம் இல்லை. நான் பைத்தியம் இல்லை. அந்த நிம்மதி எவ்வளவு கேவலமானது என்று தோன்றியது, அதற்குள் கண் மோட்டார் கொட்டகையில் போய் நின்றது. ஓட்டுக்கொட்டகை, குழாய்க்கு மிக அருகில். உள்ளே ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனைக் கரன்ட் வந்ததும் யாரும் தொடாமலே டப்பென்று தானாகப் போட்டுக்கொள்ளும், போடும்போது பொறி பறக்கும், ராத்திரியில் பார்த்தால் நீலமாகத் தெரியும். காலைக் கரன்ட் போய்விட்டது, அடுத்தது உச்சிப்பொழுதுக்கு வரும். வெயிலை நிமிர்ந்து பார்த்தாள். நிழல் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம். போகலாம்தான். இரண்டு எட்டு வைத்தாள். அந்தப் பெண்ணின் கால்கள் ஞாபகம் வந்தன. திரும்பி ஓடினாள்.

பந்தலுக்குள் எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வழியில் ஜெகதாக்காவைப் பார்த்து, 'தண்ணி கொதிக்குதுக்கா, அடுப்பெல்லாம் அணைக்கச் சொல்லுங்க, தர்ஷினியைக் கூட்டிக்கிட்டு கோயில் பக்கம் போங்க' என்று சொன்னது தெரியும், ஜெகதாக்கா ஒரு வார்த்தை கேட்காமல் குடத்துத் தண்ணீரை எரியாத அடுப்பில் ஊற்றியது தெரியும். பந்தலில் பேச்சு நின்றது. எல்லா முகமும் திரும்பியது. காண்ட்ராக்டர் முன்வரிசையில் இருந்தார். 'வந்துட்டாங்கய்யா, வாடைக்காரம்மா' என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது. அவள் யாரையும் பார்க்காமல் தம்பியிடம் போனாள். 'குழாய் விட்டுப்போச்சுடா. வாய்க்கால்ல குமிழ் வருது. உச்சிக்குக் கரன்ட் வந்தா மோட்டார் போட்டுக்கும்.' அவள் முகத்தைப் பார்த்த கலியபெருமாளுக்கு மேற்கொண்டு எதுவும் தேவைப்படவில்லை. மைக்கைப் பிடுங்கினான். 'கேட்டியளா? இப்பத்தான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு, கேட்டியளா?' கூட்டம் ஓவென்று எழுந்தது. 'பொய்யி, அக்காளும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டு நாடகம் ஆடுறாங்க' என்று இன்னொரு பக்கம். நாற்காலி சாய்ந்தது. நிழல் குறைந்துகொண்டே இருந்தது. 'தம்பி' என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். 'முதல்ல அடுப்பை அணைக்கச் சொல்லு. கரன்ட் ஆபீஸுக்கு போன் போடு. மத்ததெல்லாம் அப்புறம் பேசுடா.' அது மைக்கில் விழுந்து ஊர் முழுக்கக் கேட்டது. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. முதலில் எழுந்தது அந்தப் பொறியாளர். சின்ன வயசுக்காரர்தான், கண்ணாடி போட்டவர். 'குமிழ் ஒரே இடத்துலயா, வரிசையாவா?' என்றார். 'வரிசையா, சார்.' அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். ஒன்றும் ஆகாது என்று சொன்ன முகம். அவர் போனை எடுத்துக்கொண்டு பேசியபடியே ரோட்டுக்கு ஓடியபோது, பந்தலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டை நினைத்துக்கொண்டார்கள்.

கரன்ட் வரவில்லை, வரவிடாமல் நிறுத்தினார்கள். வால்வை மூடினார்கள். தீயணைப்பு வண்டி வந்து பருத்திக் கொல்லையை மிதித்துத் துவைத்துத் தண்ணீர் அடித்தது. வெயில் சாயும் நேரத்தில், இனிமேல் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம், சமைக்கலாம் என்று அறிவித்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. கோயில் வாசலிலும் தெருவிலுமாக உட்கார்ந்திருந்தார்கள், டீக்கடையிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமும் வந்தன. கலியபெருமாளைச் சுற்றி ஒரு கூட்டம். பாறையைப் பிளக்கக் கூடாதென்ற கிராமசபைத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று காலையில் சொன்னவர்கள்கூட வரிசையில் நின்றார்கள், ஜெகதாக்காவும் நின்றாள். பவளக்கொடிக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் இருந்தாள். முருகையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி மிதிக்கத் தெம்பில்லாதவர்போல. கேட்டில் நின்றவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. பக்கத்தில் குந்தினார். 'எப்ப வந்துச்சு உனக்கு வாடை?' 'காலையில. வெந்நி போடப் போனப்ப.' அவர் தலையை ஆட்டினார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: 'எனக்கு முந்தாநாளே வந்துச்சு, கொல்லைப்பக்கம்.' அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமானது. 'யார்கிட்ட சொன்னிய?' 'மேல சொன்னேன். பாத்துக்கறோம், வெளியில வாயைத் திறக்காதன்னாங்க.' 'என்கிட்ட?' அவர் கீழே கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து ஒடித்தார். முந்தாநாள். முந்தாநாளிலிருந்து எத்தனை தடவை பற்றவைத்தாள். காப்பிக்கு, உலைக்கு, குழந்தைக்குப் பாலாடை கழுவ, வெந்நீருக்கு. குளிப்பாட்டி முடித்து, தலை ஈரம் காயச் சாம்பிராணி போட்டாளே, தணலை ஊதி ஊதி, குழந்தையை அதன் மேலே காட்டி. அப்போது இவர் எங்கே இருந்தார்? இருந்தார். வாசலில். காப்பியை வாங்கிக்கொண்டு இரண்டு நாளும் தெருவில் நின்றுதான் குடித்தார். 'பயமா இருந்துச்சு பவளம்' என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. எதற்குப் பயம் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. பகல் முழுக்கக் குழாய்க்குப் பயந்தாள், மோட்டாருக்குப் பயந்தாள், போலீஸ் வேனுக்குப் பயந்தாள், ஊர் சிரிப்புக்குப் பயந்தாள். இந்த மனுஷருக்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. 'பாப்பாவைக் கொடு, கொஞ்ச நேரம் வச்சுக்கிறேன்' என்று அவர் இரண்டு கையையும் நீட்டினார். கொடுக்கத்தான் நினைத்தாள். அவள் கைகள் அவளைக் கேட்காமலே குழந்தையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டன.